ட்வைன் கதையில் வாசகர் போய்வந்த இடத்தைக் கணக்கில் எடுப்பது எப்படி?

வாசகரே இணைப்புகளை அழுத்தி வழி தேர்ந்தெடுக்கும் கதைகளை எழுதும் மென்பொருள் ட்வைன். அப்படி ஒரு கதையில், கொல்லையில் சாவியைப் பார்த்துவிட்டு வாசகர் கூடத்துக்குத் திரும்புகிறார். கூடமோ பழைய வரிகளையே ஒப்பிக்கிறது. நாம் செய்வதைக் கதை கண்டுகொள்ளவே இல்லை என்று அவருக்குத் தோன்றிவிடும். இதைச் சரிசெய்ய ஒரே ஒரு நிபந்தனை போதும். ட்வைன் 2-இல் புதுக் கதை தொடங்கினால் தானாக வரும் ஹார்லோ என்ற கதை வடிவத்திலேயே (கட்டளைகளைப் புரிந்துகொண்டு கதையை ஓட்டும் பகுதி) செய்யலாம்.

முதலில் கூடம், கொல்லை, மாடி என்று மூன்று பாசேஜ்கள், அதாவது கதையின் தனித்தனிப் பக்கங்கள், போடுங்கள். கூடத்தில் [[கொல்லை]] என்றும், கொல்லையில் [[கூடம்]] என்றும் இணைப்பு கொடுங்கள். அப்புறம் கூடத்தில் இதைச் சேருங்கள். இஃப், ஹிஸ்டரி போன்ற கட்டளைச் சொற்களை மட்டும் ட்வைனில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவேண்டும்.

(இஃப்: (ஹிஸ்டரி:) கன்டெய்ன்ஸ் "கொல்லை")[கொல்லையில் தொங்கும் சாவி இந்தப் பூட்டுக்குத்தான். [[மாடி]] ஏறிப் பார்க்கலாம்.]
(எல்ஸ்:)[மாடிக் கதவு பூட்டிக் கிடக்கிறது.]

ஹிஸ்டரி என்பது வாசகர் கடந்துவந்த பாசேஜ்களின் பெயர்ப் பட்டியல். ஹார்லோவே அதை எழுதி வைத்துக்கொள்ளும். வாசகர் பின்னோக்கும் அம்பை அழுத்தினால் பட்டியலும் கூடவே பின்னால் போகும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேற்கோளுக்குள் இருக்கும் பெயர் அச்சு அசலாகப் பொருந்தவேண்டும். 'சமையலறை' வேறு, 'சமையல் அறை' வேறு. இன்னும் நுணுக்கமானது 'கொ'. யூனிகோடில் அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இல்லை. பெயர் பொருந்தாவிட்டால் பிழைச் செய்தியும் வராது, கதவு பூட்டியே கிடக்கும். அதனால் பாசேஜின் பெயரை நகலெடுத்து ஒட்டுவதே நல்லது. பெயரை மாற்றினால் இணைப்புகளை ட்வைன் திருத்திக்கொள்ளும், நிபந்தனைக்குள் இருப்பதை நீங்கள்தான் திருத்தவேண்டும்.

அதே பாசேஜுக்கு முதல் முறை வருகிறாரா என்று பார்க்க, ஹார்லோ 3-இன் புதிய பதிப்புகளில் (இஃப்: விசிட்ஸ் இஸ் 1) போதும். இப்போதைய வருகையும் எண்ணிக்கையில் சேரும்.

ஆனால் கொல்லைக்குப் போனார் என்பதால் சாவியை எடுத்தார் என்று ஆகாது. எடுப்பதும் விடுவதும் வாசகர் விருப்பம் என்றால், அதற்குத் தனி மாறி (எடுத்தாரா இல்லையா என்பதை நினைவில் வைக்கும் பெயர்) வையுங்கள்.

சோதிக்கும்போது கூடத்திலிருந்தே நேராக ஓட்டினால் பட்டியல் காலியாக இருக்கும். தொடக்கத்திலிருந்து ஓட்டி, கொல்லைக்குப் போகாமல் ஒருமுறையும் போய்வந்து ஒருமுறையும் பாருங்கள்.