லேப்டாப் ஆன் ஆகவில்லையா? அவசரத்தில் செய்யக்கூடாதவை

"லேப்டாப் டெட் ஆயிடுச்சு" என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது? ஒரு விளக்குகூட எரியவில்லையா? விளக்கு எரிந்து, ஃபேன் சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா? இல்லை, கம்பெனி லோகோ வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறதா? பேச்சு வழக்கில் மூன்றுமே "ஆன் ஆகலை"தான். ஆனால் முதலாவது மின்சாரம் போய்ச் சேராத கோளாறு. இரண்டாவது பெரும்பாலும் ரேமோ (கணினியின் தற்காலிக நினைவகம்) திரையோ. மூன்றாவது விண்டோஸ், அல்லது விண்டோஸ் குடியிருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிஸ்க். எது என்று பார்க்காமல் கையில் கிடைத்த வைத்தியத்தையெல்லாம் செய்வதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் மூலம். திரை போனவர் ஃபார்மட் செய்யக் கடைக்கு ஓடுகிறார், விண்டோஸ் கெட்டவர் புது சார்ஜர் வாங்குகிறார்.

விளக்கே எரியாத லேப்டாப்பில் முதல் சந்தேகம் சார்ஜர் மேல் விழ வேண்டும். அதுவும் அந்தக் கறுப்புப் பெட்டியில் வந்து சொருகும் பவர் கார்டு மேல். அது கொஞ்சம் தளர்ந்திருந்தாலே போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பேட்டரி அடியோடு தீர்ந்திருந்தால் மாட்டிய நொடியே உயிர் வராது. அரை மணி நேரம் விடுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, பக்கத்து வீட்டு அடாப்டரை 'பின் பொருந்துதே' என்று சொருகுவது. பின் பொருந்துவது வேறு, வோல்ட் பொருந்துவது வேறு. 19, 19.5, 20 வோல்ட் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லேப்டாப்பின் அடியில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும். டெல் லேப்டாப்களில் அடாப்டரை அடையாளம் காண நடுவில் மெல்லிய பின் ஒன்று இருக்கும். அது வளைந்திருந்தாலோ லோக்கல் அடாப்டராக இருந்தாலோ, மின்சாரம் வந்தும் பேட்டரி ஏறாது. டைப்-சி வந்த பிறகு குழப்பம் கூடிவிட்டது. போன் சார்ஜரின் வயர் அழகாகச் சொருகிக்கொள்ளும். ஆனால் பல லேப்டாப்கள் எதிர்பார்ப்பது 20 வோல்ட், சாதாரண போன் சார்ஜர் தருவதோ 5 அல்லது 9. அதில் ஏறவில்லை என்றதும் மதர்போர்டைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

சார்ஜர் சரி என்றால், உள்ளே தங்கிவிட்ட மின்சாரத்தை வடியவிடும் பழைய உபாயம் இன்றும் பலிக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, கழற்ற முடிந்த பேட்டரியானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி விடாமல் அழுத்த வேண்டும். பலர் சார்ஜரை மாட்டி வைத்துக்கொண்டே இதைச் செய்கிறார்கள், அல்லது ஐந்து வினாடியில் கையை எடுத்துவிடுகிறார்கள். இரண்டிலும் பயனில்லை. பேட்டரி உள்ளேயே இருக்கும் சில லெனோவோ மாடல்களின் அடிப்பக்கத்தில் இதற்கென்றே ஊசித்துளை ஒன்று உண்டு. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ அடிமூடி பிதுங்கியிருந்தாலோ இதையெல்லாம் செய்யவே வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், ஆளிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது கறுப்புத் திரை. கேப்ஸ் லாக்கைத் தட்டினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் உள்ளே கணினி வேலை செய்துகொண்டிருக்க நிறைய வாய்ப்பு. இருட்டில் போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது திரையின் பின்விளக்கு மட்டும். எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துப் பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். செலவில்லாத முயற்சி.

விளக்கு மினுக்குவதைக் கவனிக்காமல் விடுவதும் இந்தக் கட்டத்துத் தவறு. டெல்லில் பேட்டரி விளக்கு ஆரஞ்சும் வெள்ளையுமாக மாறி மாறி எண்ணிக்கையோடு மினுக்கும். எச்பியில் பல மாடல்களில் கேப்ஸ் லாக் விளக்கே மினுக்கும். அது கணினி தன் நோயைத் தானே சொல்வது. பதறி ஆஃப் செய்யாமல் போனில் வீடியோ எடுத்துவையுங்கள். அந்த மாடலின் கையேட்டில் எண்ணிக்கைக்குப் பொருள் இருக்கும்.

ரேமைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டுவது பல கறுப்புத் திரைகளைக் குணப்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரியின் இணைப்பைக் கழற்றாமல் ஸ்லாட்டில் கை வைத்தால், ரேமோடு முடிய வேண்டிய கோளாறு போர்டுக்கும் பரவலாம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டியே வருகிறது, கழற்றவே முடியாது. இன்னொன்று, புது டிடிஆர்5 ரேம் போட்டதும் முதல் முறை சில நிமிடம் திரை கறுப்பாகவே நிற்கலாம். ரேமின் வேகத்துக்குக் கணினி தன்னைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் அப்படித்தான். விண்டோஸ் அப்டேட்டோடு சத்தமில்லாமல் வந்து இறங்கும். ரீஸ்டார்ட் ஆனதும் திரை கறுத்து ஃபேன் இரையும். அப்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால், நன்றாக இருந்த லேப்டாப் நிஜமாகவே செத்துப்போகக்கூடும்.

இனி லோகோவோடு நிற்கும் வகை. பணமும் தரவும் அதிகம் தொலைவது இங்கேதான்.

'பூட் டிவைஸ் இல்லை' (விண்டோஸைத் தொடங்க டிஸ்க் கிடைக்கவில்லை) என்று வந்தால் முதலில் பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் உருவுங்கள். பிறகு பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பார்ப்பதோடு சரி. யூடியூபில் பார்த்தபடி அங்கே கை வைக்கும்போதுதான் வினை. இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்றிருக்கும் டிஸ்க் அமைப்பை ஏஎச்சிஐ ஆக மாற்றினால், ஒழுங்காக இருந்த விண்டோஸும் நீலத்திரைப் பிழையில் விழும். 'லோட் டிஃபால்ட்ஸ்' கொடுத்தாலே அந்த அமைப்பு மாறிவிடுவதுண்டு.

இதோடு வருவது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும் கணினிகளில், ஹோம் பதிப்பிலும்கூட, டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பலருக்குத் தங்கள் லேப்டாப் பூட்டியிருப்பதே தெரியாது. பயாஸை மாற்றினால், போர்டை மாற்றினால், 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனிலிருந்தே பார்க்கலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் கேளுங்கள். எங்குமே இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தர முடியாது. ஆகவே பயாஸில் எதைத் தொடுவதற்கு முன்னும் இந்தச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கணினிப் பாதுகாப்பு மென்பொருள் தரும் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் உலகெங்கும் நீலத்திரை. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்னவோ சேஃப் மோடில் (குறைந்தபட்ச வசதிகளோடு விண்டோஸ் தொடங்கும் முறை) போய் ஒரே ஒரு ஃபைலை அழிப்பதுதான். ஆனால் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அந்த இடத்துக்குப் போகவே சாவி வேண்டியிருந்தது. ஒரு ஃபைலோடு போகிற கோளாறுக்கு முழு டிஸ்க்கையும் துடைப்பது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஃபார்மட் கடைசி வேலை. அதற்கு முன் உபுண்டு (இலவச லினக்ஸ் இயங்குதளம்) போட்ட பென்டிரைவில் பூட் செய்து ஃபைல்களை நகலெடுக்கலாம். பிட்லாக்கர் இருந்தால் இங்கேயும் சாவி கேட்கும். ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறதென்றால் செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவி) ஓட்டாதீர்கள். சாகப்போகும் டிஸ்க்கை அது மேலும் மணிக்கணக்கில் வேலை வாங்கும். முதலில் தரவு, பழுது பிறகு. 'கீப் மை ஃபைல்ஸ்' என்று விண்டோஸ் ரீசெட் கேட்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். "டெஸ்க்டாப்புல இருக்கறத மட்டும் எடுத்துக் குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு வந்த வியாபாரி, டேலி மென்பொருளில் போட்ட கணக்கு டெஸ்க்டாப்பில் இருப்பதில்லை என்பதை ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாளில்தான் தெரிந்துகொள்வார்.

காபி கொட்டிய லேப்டாப்பை "ஓடுதா பார்ப்போம்" என்று ஆன் செய்யக் கூடாது. ஆஃப் செய்து, சார்ஜரை உருவி, கவிழ்த்துவையுங்கள். அரிசி மூட்டையில் புதைப்பது வீண். பட்டனை அணைத்தாலும் உள்ளே பேட்டரி போர்டோடு இணைந்தேதான் இருக்கிறது, ஈரத்தில் அரிப்பு தொடரும். அன்றைக்கே பிரித்துப் பேட்டரியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கடைக்குக் கொடுக்கும்போது, முதலில் வாரண்டி இருக்கிறதா என்று அடியில் உள்ள சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள். இருந்தால் வெளியாளிடம் பிரிக்கக் கொடுக்க வேண்டாம். இல்லையென்றால், எஸ்எஸ்டியைக் கழற்ற முடிகிற மாடலாக இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பவர், திரைக் கோளாறுகளுக்கு அது தேவையே இல்லை. கழற்ற முடியாவிட்டால் ரசீதில் 'என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது' என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். "மதர்போர்டு போச்சு, மாத்தணும்" என்று முதல் கடையில் சொன்னால், சிப் லெவல் சர்வீஸ் (போர்டில் உள்ள சின்னப் பாகங்களையே பழுதுபார்ப்பது) செய்யும் இன்னொருவரிடமும் காட்டுங்கள். ஒரு சின்ன கெபாசிட்டர் ஷார்ட் ஆனாலே முழு போர்டும் செத்ததுபோல்தான் கிடக்கும்.