போஸ்டர் எத்தனை வந்தாலும் கியூஆர் கோடு ஒன்றே போதும்

கானா குழு, பறைப் பயிற்சி, சுவரோவியத் திட்டம், எதற்கு இணையதளம் செய்தாலும் 'அடுத்த நிகழ்ச்சி' என்று முகவரி மாறாத ஒரு பக்கம் வையுங்கள். போஸ்டர், ஃபிளெக்ஸ், டி-ஷர்ட் எல்லாவற்றிலும் அந்தப் பக்கத்தின் கியூஆர் கோடையே அச்சிடுங்கள்.

கோடுக்குள் இருப்பது வெறும் முகவரிதான். அச்சான கட்டங்களை மாற்ற முடியாது, பக்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வியாசர்பாடி மைதானக் கச்சேரி மழையால் ராயபுரம் மண்டபத்துக்குப் போனால், ஃபோனிலேயே ஒரு வரியைத் திருத்தினால் போதும். பழைய போஸ்டரை ஸ்கேன் செய்கிறவருக்கும் புது இடம் தெரியும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இது பெரிய உதவி.

முகவரியைச் சுருக்கமாக வையுங்கள். 'எச்டிடிபிஎஸ்' முன்பகுதியோடு சேர்த்து 32 எழுத்துக்குள் அடங்கினால், குறைந்த பிழைதிருத்த அளவில் (கோடில் கொஞ்சம் அழிந்தாலும் படிக்க வைக்கும் வசதிதான் பிழைதிருத்தம்) 25-க்கு 25 கட்டம் போதும். கட்டம் ஒவ்வொன்றும் பெரிதாக இருப்பதால் பழைய ஃபோனிலும் கொஞ்சம் தள்ளி நின்று ஸ்கேன் செய்யலாம். ஆனால் பிழைதிருத்தம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது கோடின் நடுவே லோகோ வைக்காதீர்கள், படிக்காமல் போய்விடலாம்.

சொந்த டொமைன், அதாவது தன் பெயரில் பதிவு செய்த இணைய முகவரி, இல்லாத குழுவுக்கு இது சரிவராது. இலவசத் தளத்தை மாற்றினால் முகவரியும் போய்விடும். அப்புறம், ஒரே வாரத்தில் இரண்டு நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கிறீர்கள் என்றால் தனித்தனிக் கோடுதான் நல்லது.