குருத்வாராவுக்கு முதல் தடவை போகிறீங்களா?

கோவையில் குருத்வாராவுக்கு, அதாவது சீக்கியர் கோயிலுக்குப் போவதென்றால் பெரிய கைக்குட்டை ஒன்றை மறக்காதீங்க, தலையை மூடாமல் உள்ளே போகக் கூடாது. செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவுங்கள். பீடி, சிகரெட் எல்லாம் சட்டைப்பையில் வேண்டாம்.

உள்ளே சிலையைத் தேடாதீர்கள். சீக்கிய மதத்தைத் தொடங்கியவர் 1469-இல் பிறந்த குருநானக்; கடவுள் ஒன்றே, உருவமில்லை என்றார். அவருக்குப் பின் ஒன்பது குருமார்கள். பத்தாவது குரு கோவிந்த் சிங் 1699-இல் கால்சா என்ற தீட்சை பெற்ற சீக்கியர் அமைப்பைத் தொடங்கி, 1708-இல் இனி நூலே குரு என்று சொல்லிவிட்டதால், விதானத்தின் கீழ் பட்டுத்துணி போர்த்திச் சாமரம் வீசுவது குரு கிரந்த் சாகிப் என்ற அந்தப் புனித நூலுக்குத்தான். வணங்கிவிட்டுத் தரையில் உட்காருங்கள், காலை அந்தப் பக்கம் நீட்டாமல்.

அப்புறம் பிரசாதம். இரண்டு கையையும் குவித்து வாங்குங்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை சம அளவில் போட்டுக் கிண்டிய அல்வா, விரலெல்லாம் நெய் வழியும், துடைக்கலாமென்றால் கைக்குட்டை தலையில் இருக்கும்!

லங்கர் என்ற பொதுப் பந்தியில் சாப்பிடாமல் கிளம்பாதீங்க. நம்ம ஊர் நோம்பி அன்னதானம் மாதிரிதான், ஆனால் தோட்டத்துக்காரரும் பண்ணையாளும் சாதி பார்க்காமல் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது. ரொட்டியைக் கையேந்தி வாங்குங்கள், மீதி வைக்காதீர்கள். தட்டு கழுவுமிடத்தில் ஆள் கம்மியாக இருந்தால் சட்டையை மடித்துவிட்டு நீங்களும் நில்லுங்கள், அதற்குப் பேர்தான் சேவை.