கண் உறுத்தினால் உடனே அலர்ஜிக் குளிசை வேண்டாம்

கொழும்பு காலி வீதிப் புகையும் அலுவலக ஏசியும் சேர்ந்து கண் உறுத்துகிறதா? அரிப்புத்தான் அதிகம் என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. எரிச்சலும் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் என்றால் வறட்சியாக இருக்கலாம். பலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும், எனக்கும் அப்படித்தான். குளோர்பெனிரமைன், செட்டிரிசின் போன்ற அலர்ஜிக் குளிசைகள் தும்மலை நிறுத்தினாலும் கண்ணீரைக் குறைத்து வறட்சியைக் கூட்டக்கூடும். இது தெரியாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டேன். ஒவ்வாமைக்கென்றே கண்ணில் விடும் துளிமருந்து இருக்கிறது, வைத்தியரிடம் கேளுங்கள். வறட்சிக்கு விடும் செயற்கைக் கண்ணீர்த் துளிகளை நாளுக்கு 4 தடவைக்கு மேல் விடுபவர்கள், பதனப்பொருள் (கெடாமல் இருக்கச் சேர்ப்பது) சேராததாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், ஸ்டீரொய்ட் துளியை மட்டும் நீங்களாகவே பாமசியில் வாங்கி விடவே வேண்டாம். கண் அழுத்தம் கூடலாம்.