சிறிய சட்டப் பிரிவை வழிநடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயங்கும் நடுத்தர நிறுவனங்களில் சட்டப் பிரிவு என்றால் பெரும்பாலும் மூன்று நான்கு பேர்தான். அதற்குத் தலைமை ஏற்பவர் வழக்கறிஞர் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு வந்தவராக இருந்தால், ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் வரி வரியாகத் தாமே படித்துத் திருத்தும் பழக்கமும் அவருடனேயே வந்துவிடுகிறது. முதல் தவறு இதுதான். கட்டடத் துப்புரவு ஒப்பந்தமும் பல மில்லியன் ரிங்கிட் இயந்திரக் கொள்முதலும் ஒரே வரிசையில் காத்துக் கிடந்தால், விற்பனைப் பிரிவினர் சட்டப் பிரிவின் கண்ணில் படாமலே கையெழுத்திடப் பழகிவிடுவார்கள். எந்தத் தொகை வரை மாதிரிப் படிவமே போதும், எதை இளைய அதிகாரி முடிக்கலாம், எது தலைவரிடம் வந்தே தீர வேண்டும் என்பதை எழுத்தில் வகுத்து, நிர்வாகத்தின் ஒப்புதலையும் பெற்றுவிட வேண்டும்.

வாசகங்களைத் திருத்துவதில் காட்டும் அக்கறை கையெழுத்துக்குப் பிறகு காணாமல் போவது, என் கணிப்பில், இதைவிடப் பெரிய தவறு. 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி, மலேசியாவில் கையெழுத்தான ஆவணத்துக்கு 30 நாளுக்குள் முத்திரை வரி செலுத்த வேண்டும். வெளிநாட்டில் கையெழுத்தாகியிருந்தால், ஆவணம் இங்கு வந்து சேர்ந்த நாள் முதல் அந்தக் கெடு தொடங்கும். நடப்பது என்னவென்றால், கூரியரில் போன பிரதி தேதி எழுதப்படாமலே திரும்பி வந்து, கொள்முதல் அதிகாரியின் இழுப்பறையில் தங்கிவிடுகிறது. தாமதத்துக்குத் தண்டத் தொகை உண்டு என்பது ஒருபுறம் இருக்க, முறையாக முத்திரையிடாத ஆவணத்தைக் குறையைச் சரிசெய்யும் வரை உரிமையியல் வழக்கில் சான்றாக ஏற்க மாட்டார்கள். 2026 முதல் சுயமதிப்பீட்டு முறை கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருவதால், வரியைச் சரியாகக் கணிக்கும் பொறுப்பும் நிறுவனத்தின் தலையில்தான் விழுகிறது. கையெழுத்தான நாள், முத்திரைக் கெடு, புதுப்பிக்கும் நாள் ஆகிய மூன்றையும் ஒரே பதிவேட்டில் குறித்து, அதை ஒருவர் பெயரில் ஒப்படைப்பது அவசியம்.

தலைமையகம் அனுப்பும் வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே பயன்படுத்துவதும் பரவலான வழக்கம். வேலையை விட்டுச் சென்றவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் விதியை, காலத்தையும் எல்லையையும் குறுக்கி எழுதினால் செல்லும் என்று பலர் நம்புகிறார்கள். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, அத்தகைய தடையைச் செல்லாததாக்குகிறது; ஆகவே உழைப்பை இரகசியக் காப்பு விதிகளில் செலவிடுவதே மேல்.

2020 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவை, அதாவது நிறுவனத்தின் நலனுக்காக அதைச் சார்ந்தவர் இலஞ்சம் கொடுத்தால் நிறுவனத்தையே குற்றவாளியாக்கும் பிரிவை, கொள்கை ஆவணம் ஒன்றை எழுதியதோடு முடிந்துவிட்ட வேலையாகக் கருதுவதும் ஆபத்து. இலஞ்சத்தைத் தடுக்கப் போதிய நடைமுறைகள் இருந்தன என்று மெய்ப்பிக்க வேண்டியது நிறுவனமே என்பதால், பயிற்சியின் வருகைப் பதிவேடு கூடப் பின்னாளில் தேவைப்படும்.

உள்ளகச் சட்ட அதிகாரி எழுதும் மின்னஞ்சல் எல்லாமே இரகசியப் பாதுகாப்புக்கு உரியவை, நீதிமன்றத்தில் வெளியிட வேண்டியதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1950ஆம் ஆண்டு சான்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு தொழில் நடத்தத் தகுதிபெற்ற வழக்கறிஞரைக் குறித்தே பேசுகிறது. நிறுவனத்தில் சம்பளத்துக்குப் பணிபுரிவோரிடம் பொதுவாக வழக்கறிஞராகத் தொழில் நடத்துவதற்கான சான்றிதழ் இருப்பதில்லை. எனவே தகராறு முளைக்கும் அறிகுறி தென்பட்டவுடனேயே வெளி வழக்கறிஞரை அமர்த்தி, “தவறு நம்முடையதுதானா?” என்னும் கேள்வியை அவர் வழியாகவே ஆராய வேண்டும்.