கலைத்துறையில் கலாநிதிப் படிப்பு: கேள்வியைக் கொழும்பிலேயே தேடுங்கள்

வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிற நம் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது இரண்டு விஷயம்: எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் எவ்வளவு எடுக்க வேண்டும். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரசாயனவியல் மாணவர் பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே நடக்கிற வேலையில் போய்ச் சேரலாம். வரலாறு, இலக்கியம், மெய்யியல், சமயம் என்று வந்தால் ஆய்வுக் கேள்வியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். தெரிவுக்குழு பார்ப்பதும் அதைத்தான்: இவரிடம் கேள்வி இருக்கிறதா, அதைச் செய்து முடிக்கத் தேவையான வாசிப்பும் மொழியும் இருக்கிறதா.

‘மலையகத் தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்ய விரும்புகிறேன்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதையே இப்படிப் பாருங்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வருகிறது, 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டங்களுக்குக் கொண்டுபோன பாட்டுகளும் பிரசுரங்களும் உரிமையை யாரிடம், எந்தக் குரலில் கேட்டன? அரசிடமா, துரையிடமா, இந்தியாவிடமா, தொழிலாளரிடமேயா? இப்போது காலம் இருக்கிறது, மூலம் இருக்கிறது, விடை தெரியாத ஓர் இடமும் இருக்கிறது. உங்கள் விஷயம் வேறாக இருக்கலாம், ஆனால் இந்த மூன்றும் வரும்வரை விண்ணப்பப் படிவத்தைத் திறக்காதீர்கள்.

அந்தக் கேள்வியைத் தேடுவதற்குக் கொழும்பைவிட வசதியான ஊர் இல்லை என்றே சொல்வேன். ரீட் அவென்யூவில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது, அடையாள அட்டையோடு போய் வாசகர் அனுமதி எடுங்கள். 1877இல் தொடங்கிய தேசிய நூதனசாலை நூலகம் அங்கிருந்து கிட்டத்தான். வெள்ளவத்தையில் தமிழ்ச்சங்க நூலகம், பொரளைப் பக்கம் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் நூலகம், வீட்டிலிருந்தே பார்க்க, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் தரும் ‘நூலகம்’ நிறுவனத்தின் இணையத்தளம். இவற்றில் சில வாரம் உட்கார்ந்து, எந்தப் பத்திரிகையின் எந்த இதழ்கள் கிடைக்கின்றன, எவை இல்லை என்று குறித்து வைத்துக்கொண்டவரின் முன்மொழிவு முதல் பக்கத்திலேயே தனியாகத் தெரியும். வெளிநாட்டு மாணவர் ஒருவர் இதே வேலைக்கு நிதி தேடி விமானம் ஏறி வரவேண்டும், உங்களுக்கு பஸ்ஸும் வீட்டுச் சாப்பாடும் போதும்.

அடுத்தது எழுத்து மாதிரி, அதாவது உங்கள் ஆய்வெழுத்தைக் காட்ட விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரை, அமெரிக்காவில் பொதுவாக 15 முதல் 25 பக்கம். தமிழ் மூலம் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இளங்கலை ஆய்வேட்டை முழுதாக ஆங்கிலத்துக்கு மாற்ற முயலாதீர்கள். அதில் மூலத்தை நெருங்கி வாசித்த ஓர் இயலை மட்டும் எடுத்து, இலங்கையே தெரியாத ஒருவர் வாசிக்கப் போகிறார் என்று நினைத்து ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள். தமிழ் மேற்கோளை விட்டுவிடாமல் கொடுத்து, உங்கள் சொந்த மொழிபெயர்ப்பையும் கீழே சேருங்கள். தமிழ் மூலங்களை நேரடியாக வாசிக்க முடிவது பெரிய பலம், சிங்களமும் வாசிப்பீர்கள் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் ஆய்வு முன்மொழிவும் மேற்பார்வையாளரின் சம்மதமும்தான் முக்கியம், அமெரிக்காவில் முடிவெடுப்பது குழு. இருந்தாலும் எங்கே என்றாலும் ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுவது நல்லது. நீங்கள் யார், கேள்வி என்ன, அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்து அவரிடம் வருகிறீர்கள், வரும் ஆண்டு மாணவர்களை எடுக்கிறாரா, இவ்வளவும் பத்து வரிக்குள் அடங்க வேண்டும். ‘மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே’ என்று தொடங்கி அரைப் பக்கம் புகழ வேண்டாம். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால் வாசிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில அண்மையில் இந்தத் துறைகளில் சேர்க்கையைக் குறைத்தோ நிறுத்தியோ வைத்திருப்பதால், கட்டணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்று கட்டாயம் பாருங்கள்.

பரிந்துரைக் கடிதம் வழக்கமாக மூன்று கேட்பார்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் ஆய்வேட்டைத் திருத்திய விரிவுரையாளரின் கடிதம் பல மடங்கு மேல். ‘சேர், ஒரு லெட்டர் வேணும்’ என்று கடைசி வாரத்தில் போய் நிற்காமல், இரண்டு மாதம் முன்னதாக முன்மொழிவு, எழுத்து மாதிரி, இறுதித் திகதிப் பட்டியல் மூன்றையும் கையில் கொடுங்கள். கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு வரச் சொன்னால், அதற்குப் பதிலாக உங்கள் வேலையைப் பற்றிய குறிப்புகளை மட்டும் கொடுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லவும் வேண்டும்.

பெறுபேற்றுப் பத்திரம் தாமதமாகும், இப்போதே விண்ணப்பியுங்கள். ஐஈஎல்டிஎஸ் பெறுபேறு இரண்டு ஆண்டு செல்லும். அமெரிக்கப் பட்டமேற்படிப்புக்கான ஜிஆர்ஈ நுழைவுப் பரீட்சையைப் பெரும்பாலான கலைத்துறைகள் இப்போது கேட்பதில்லை. அமெரிக்க விண்ணப்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 டொலர் போகும், நம் ரூபாயில் அது சின்னக் காசில்லை, ஆகவே கட்டண விலக்கு உண்டா என்று கூச்சப்படாமல் எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் உண்டு, ஆனால் இறுதித் திகதிக்குச் சில வாரம் முன்பே கேட்க வேண்டும். அமெரிக்காவில் இறுதித் திகதிகள் டிசெம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வரும். பிரித்தானியாவில் படிப்பதற்கான பொதுநலவாயப் புலமைப்பரிசில் அதற்கும் முன்னாலேயே மூடிவிடும்.

இடம் கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் எல்லோரும் கொண்டாடுவார்கள், நீங்கள் கடிதத்தின் நிதிப் பகுதியை வாசியுங்கள். கல்விக் கட்டணம் முழுதும் விலக்கா, மாதாந்தக் கொடுப்பனவு எத்தனை ஆண்டுக்கு, கோடைக்காலத்துக்கும் உண்டா, மருத்துவக் காப்புறுதி யார் கட்டுவது என்று எழுத்தில் கேளுங்கள். நிதியில்லாத கலைத்துறைக் கலாநிதி இடத்துக்காக வீட்டை, காணியை அடகு வைக்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. நிதியோடு தருகிற பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை பதிலுக்குக் காத்திருக்க உடன்பட்டவை, அதனால் முதல் கடிதம் வந்த அன்றே அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.