காந்தத்தை வைத்துக் குழந்தைகளோடு செய்து பார்க்கச் சில சோதனைகள்

முதலில் எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பொடிப்பொடியாக, பளபளவென்று வரும் நியோடிமியம் காந்தங்களைச் சின்னக் குழந்தைகள் பக்கமே கொண்டுவர வேண்டாம். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் அவை குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடலைத் துளைத்தேவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வாய்க்குள் நுழையாத அளவில் ஒரு சட்டக் காந்தம் இருந்தால் இங்கே சொல்லும் எல்லாவற்றுக்கும் போதும்.

எது ஒட்டும், எது ஒட்டாது என்பதில் ஆரம்பிக்கலாம். சாவி, ஸ்பூன், பென்சில், ஜெம் கிளிப், அலுமினியத் தாள், செம்புக் கம்பி, நாணயம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பரப்பிவையுங்கள். ஆனால் காந்தத்தை உடனே கொடுத்துவிடாதீர்கள். ஒட்டும், ஒட்டாது என்று குழந்தையே இரண்டு குவியலாகப் பிரிக்கட்டும், அப்புறம் காந்தம். பளபளப்பதெல்லாம் ஒட்டும் என்று நினைத்த குழந்தை, அலுமினியத் தாள் அசையாமல் கிடப்பதைப் பார்த்ததும் காந்தம் கெட்டுவிட்டதா என்று கேட்கும். அப்போது பதில் சொல்லாமல் ஒரு ஆணியை நீட்டினால் போதும். சாதாரணமாகக் கையில் கிடைப்பவற்றில் இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றும், இவை கலந்த சில உலோகங்களும்தான் நன்றாக ஒட்டும். எவர்சில்வரில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. நிக்கல் தனியாக இருந்தால் காந்தத்தில் ஒட்டும், அதையே போதுமான அளவு எஃகில் கலந்தால் எஃகின் படிக அமைப்பு மாறி அந்த எவர்சில்வர் ஒட்டாமல் போகிறது. பெரியவர்களையே குழப்பும் விஷயம் இது.

அடுத்தது ரொம்பச் சுலபம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு ஜெம் கிளிப்பைப் போடுங்கள். கை நனையாமல் வெளியே எடுக்க வேண்டும். டம்ளரின் வெளிப்பக்கமாகக் காந்தத்தை வைத்து மெல்ல மேலே நகர்த்தினால் கிளிப்பும் கூடவே ஏறிவரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஊசித் திசைகாட்டி. தையல் ஊசியைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் ஒரு முனையை ஊசியின் காதில் வைத்து நுனிவரை இழுத்து, அங்கே தூக்கி, மறுபடி காதுக்கே கொண்டுவந்து இழுக்க வேண்டும். இப்படி ஒரே திசையில் 30, 40 தடவை. முன்னும் பின்னும் தேய்த்தால் செய்த வேலை வீண். பிறகு சின்னத் தெர்மாகோல் துண்டில் ஊசியைப் படுக்கவைத்து, பிளாஸ்டிக் கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். காந்தத்தையும் செல்போனையும் தள்ளி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊசி அவற்றின் பக்கம் திரும்பிவிடும். கொஞ்சம் ஆடிவிட்டு ஊசி வடக்கு தெற்காக நிற்கும். விரலால் திருப்பிவிட்டாலும் மறுபடி அதே இடத்துக்கே வரும். காரணம் பூமியே ஒரு பெரிய காந்தம்போல நடந்துகொள்வதுதான், இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600லேயே இதை எழுதிவிட்டார். காந்தத்தின் வடமுனையால் தேய்த்திருந்தால் ஊசி நுனி தெற்கைக் காட்டும். தென்முனையால் தேய்த்தால் என்ன ஆகும் என்று முதலில் குழந்தையிடம் கேட்டுவிட்டு, இன்னொரு ஊசியை எடுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு மின்காந்தம். இரும்பு ஆணியில் மேலுறை உள்ள மெல்லிய செம்புக் கம்பியை ஒரே திசையில் 50 சுற்று சுற்றி, இரண்டு நுனிகளிலும் உறையைச் சுரண்டிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியில் தொடவையுங்கள். எத்தனை கிளிப் தூக்குகிறது என்று எண்ணச் சொல்லுங்கள், சுற்றை இரட்டிப்பாக்கி மறுபடி எண்ணுங்கள். கம்பி சீக்கிரம் சூடாகும் என்பதால் சில விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், டேப் போட்டு ஒட்டவும் வேண்டாம். சுவர் பிளக்கில் சொருகுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, லித்தியம் பேட்டரியும் வேண்டாம். கம்பியை எடுத்ததும் கிளிப்புகள் பொலபொலவென்று விழும், ஒன்றிரண்டு மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கலாம். ஆணியில் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

விளையாடி முடித்ததும் காந்தத்தைக் கீழே போடாமல், சூடு படாமல் எடுத்துவையுங்கள், இரண்டுமே அதன் வலுவைக் குறைக்கும். இரண்டு சட்டக் காந்தங்கள் இருந்தால் ஒன்றின் வடமுனைக்குப் பக்கத்தில் மற்றதன் தென்முனை வரும்படி வைத்து, இரண்டு காந்தங்களின் முனைகளையும் இணைக்கும்படி இரு கோடியிலும் ஒவ்வொரு இரும்புத் துண்டு ஒட்டிவைத்தால் நாள்பட உழைக்கும்.